தேக்குன்னு சொன்னா போதுமா? மொட்டை மாடியில, தோட்டத்துல மர டெக் போடுறவங்களுக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு தை பொறந்தாலே எங்க தொழில்ல ஒரே மாதிரி போன் வர ஆரம்பிச்சிடும். "சார், டெக் (வெளியில சட்டம் கட்டி மேல பலகை அடிக்கிற மரத்தளம்) போட்டு மூணு வருஷம்கூட ஆகல, கால் வச்சா அமுங்குது, தேக்குன்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க"ன்னு. போய்ப் பார்த்தா பல இடத்துல அது தேக்கேதான், பொய் சொல்லி விக்கல. ஆனா தேக்குல எந்தப் பகுதின்னு வாங்கினவங்களும் கேக்கல, வித்தவங்களும் சொல்லல. பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

ஈசிஆர் பக்கம் ஒரு வீட்டுல பார்த்ததைச் சொல்றேன். மேல பலகை எல்லாம் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு பலகையைக் கழட்டிட்டு அடிச்சட்டத்துல ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு, வெளிய எடுத்தா நுனியில ஈரமான பழுப்புத் தூள். சட்டத்தோட ஒரு பக்கம் மட்டும்தான் அப்படி. அதே சட்டத்தோட இன்னொரு பக்கம் இரும்பு மாதிரி கெட்டியா நின்னுச்சு. ஒரே மரம், ஒரே மழை, ஒரே ஆணி, ஆனா ஒரு பக்கம் வைரம், இன்னொரு பக்கம் வெள்ளை.

மரத்தோட நடுப்பகுதி வைரம், பட்டையை ஒட்டி வெளுப்பா இருக்கிறது வெள்ளை. மரம் உயிரோட இருக்கும்போது தண்ணி ஏறுற பகுதி வெள்ளைதான், அதுல மாவுச்சத்தும் இருக்கும், அதனால பூஞ்சை, வண்டு, கரையான் மூணுக்கும் அதுதான் முதல் சாப்பாடு. வைரத்துல மரமே தன்னைக் காப்பாத்திக்கச் சேத்து வச்ச ரசாயனங்கள் இருக்கு. தேக்குக்கு இவ்வளவு பேர் வந்ததே அந்த வைரத்தாலதான், தேக்கோட வெள்ளைக்கும் சாதாரண மரத்தோட வெள்ளைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இப்ப நம்ம மரக்கடைகளுக்கு கானா, ஈக்வடார், கோஸ்டா ரிக்கா மாதிரி நாடுகள்ல இருந்து தோட்டத்துத் தேக்கு நிறைய வருது, நம்ம ஊர் விவசாய நிலத்துல வளத்ததும் வருது. அது மோசமான மரம்னு நான் சொல்லல, ஆனா சின்ன வயசுல வெட்டினா தடி ஒல்லியா இருக்கும், வைரம் கொஞ்சமாத்தான் பிடிச்சிருக்கும், அறுத்தா ஒவ்வொரு பலகையிலயும் ஓரத்துல வெள்ளை வந்தே தீரும்.

மரத்தோட ஆயுளுக்கு இந்தியத் தரநிலை ஒண்ணு இருக்கு, ஐஎஸ் 401. மரக்குச்சிகளை மண்ணுல பாதி புதைச்சு வச்சு எத்தனை மாசம் தாங்குதுன்னு பார்த்து, சராசரியா 120 மாசத்துக்கு மேல நின்னா முதல் வகுப்பு, 60ல இருந்து 120 வரைக்கும் ரெண்டாவது, 60க்குக் கீழ மூணாவதுன்னு பிரிச்சிருக்காங்க. இந்த வகுப்பு எல்லாமே வைரத்துக்கு மட்டும்தான், வெள்ளைக்கு எந்த மரமா இருந்தாலும் பொருந்தாது. கடைக்காரர் "முதல் தர மரம் சார்"னு சொல்லும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கடையில எப்படிப் பார்க்குறதுன்னா, ஸ்டெயின் அடிச்ச பலகையை, எண்ணெய் தடவின பலகையை வாங்காதீங்க, அதுல வெள்ளையும் வைரமும் ஒரே கலராத் தெரியும். ஆசாரியைக் கூட்டிட்டுப் போங்க, இழைப்புளியால ரெண்டு இழுப்பு இழுக்கச் சொல்லுங்க, வெட்டு முனையைத் தண்ணி தொட்டுத் துடைச்சுப் பாருங்க, வெளுப்பு எங்க முடியுதுன்னு பளிச்சுன்னு தெரியும். மேல போடுற பலகையை எல்லாரும் பார்த்துப் பார்த்து எடுப்பாங்க, கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டத்துக்கு மிச்சம் மீதியைத் தள்ளிவிடுறதுதான் வழக்கமா நடக்குது. நான் நேர் எதிராத்தான் சொல்வேன், கையில இருக்கிற நல்ல வைரத்தை முதல்ல அடிச்சட்டத்துக்குக் குடுங்க, மேல் பலகை ஒண்ணு போனா மாத்திக்கலாம், சட்டம் போனா மொத்தமும் பிரிக்கணும்.

தேக்கு பட்ஜெட்டுக்கு வரலைன்னா வேங்கை வைரம் நல்லாத் தாங்கும், ஆனா மழைத்தண்ணியில சாயம் இறங்கும், பக்கத்துல வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர் இருந்தா கறை பிடிக்கும், முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க. ரப்பர் வுட் வெளியில வேண்டவே வேண்டாம். பேக்கிங் பெட்டி பைன் வச்சு டெக் போடுறது இப்ப வீடியோ பார்த்து நிறையப் பேர் பண்றாங்க, கூரைக்குக் கீழன்னா ஓடும், திறந்த வெளியில பூச்சி, பூஞ்சை அண்டாம இருக்க மருந்து ஏத்தாத பைன் நிக்காது. தென் அமெரிக்க இப்பே மரம் கேக்குறவங்களும் இருக்காங்க, தண்ணியில போட்டா முழுகுற அளவுக்குக் கனம், அருமையான மரம்தான், ஆனா 2024 நவம்பர்ல இருந்து அது சைட்டிஸ், அதாவது அழியுற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம், அதோட கட்டுப்பாட்டுக்குள்ள வந்திடுச்சு, பேப்பர் காட்டாம யாராவது சல்லிசா குடுத்தா வாங்காதீங்க.

மருந்து ஏத்தின மரம்னா பிரஷ்ல அடிச்சது கணக்குல வராது, பிரஷர்ல உள்ள ஏத்தினதா இருக்கணும். சிசிஏன்னு பச்சை சாயல்ல இருக்குமே, செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை, அதை 1930கள்ல டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சவர் சோந்தி காமேசம்னு நம்ம நாட்டுக்காரர், உலகம் பூரா பரவுச்சு. அதுல இருக்கிற ஆர்சனிக்குக்காக அமெரிக்காவுல 2003 கடைசியோட வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திட்டாங்க. குழந்தைங்க வெறுங்காலோட நடக்குற இடத்துக்கு ஆர்சனிக் இல்லாத மருந்தா கேட்டு வாங்குங்க. அப்புறம் தயவுசெஞ்சு சிசிஏ ஏத்தின மரத்துண்டுகளை அடுப்புல, வெந்நீர் போட எரிக்காதீங்க, வேலை முடிஞ்சு கிடக்குற துண்டை வாட்ச்மேன் வீட்டுக்கு அள்ளிட்டுப் போறதைப் பார்த்திருக்கேன், புகையிலயும் சாம்பல்லயும் ஆர்சனிக் வரும், அவங்களுக்கு யாராவது சொல்லணும்.

எவ்வளவு நல்ல மரமா இருந்தாலும் தண்ணி தேங்கினா போச்சு. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பூஞ்சை வளராது, ஈரம் ஏறினபடியே நின்னா வளரும். செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்குத் தூண் இன்னும் நிக்குதுன்னா மரம் மட்டும் காரணமில்ல, தலைக்கு மேல கூரை, காலுக்குக் கீழ கல், தூணோட வெட்டு முனை மண்ணைத் தொடவே இல்ல. வெட்டு முனை வழியாத்தான் தண்ணி வேகமா உறிஞ்சும், அதனால சைட்ல அறுத்த ஒவ்வொரு முனைக்கும் அப்பவே சீலர் (தண்ணி உள்ள போகாம அடைக்கிற பூச்சு) தடவச் சொல்லி நின்னு பாருங்க. பலகைக்குப் பலகை 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வேணும், கீழ காத்து ஓடணும், சட்டத்தை நேரா தளத்துல படுக்க வைக்காம பீடம் வச்சுத் தூக்கணும், மொட்டை மாடின்னா தளத்துல துளை போடவே கூடாது, வாட்டர்ப்ரூஃபிங் போயிடும். கடல் பக்கம் ஸ்க்ரூ எஸ்எஸ் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க, 304 ரகம்கூட உப்புக்காத்துல கறை பிடிக்கும், சாதா இரும்பு ஆணி தேக்குல கருப்பா வடியும்.

இன்னொண்ணு, மேல சாம்பல் நிறம் ஆயிடுச்சுன்னு பயந்து மேல வார்னிஷ் அடிக்குறாங்க. சாம்பல் நிறம் வெயில்ல மேல்தோல் மட்டும் மாறுறது, மக்குறது இல்ல. வார்னிஷ் வெளியில உரிஞ்சு அதுக்கடியில தண்ணி மாட்டிக்கும், கலர் வேணும்னா உள்ள இறங்குற டெக் ஆயில் போடுங்க, வேணாம்னா அப்படியே விடுங்க. வருஷா வருஷம் மழை தொடங்குறதுக்கு முன்னாடி, புரட்டாசியிலயே, இடைவெளியில மாட்டின இலை தழையைத் தோண்டி எடுத்துட்டு, ஓரத்துச் சட்டத்துலயும் பூந்தொட்டி வச்சிருந்த இடத்துலயும் ஸ்க்ரூ டிரைவரால ஒரு குத்து குத்திப் பாருங்க, தொட்டிக்கு அடியிலதான் எப்பவும் முதல்ல போகும்.