மச்சுல கம்ப்யூட்டர், பட்டாசல்ல கேம்

பாளையங்கோட்டைலருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான், அவன் கேள்விய அப்படியே போடுதேன். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் மச்சுல இருக்கு, டிவி கீழ பட்டாசல்ல இருக்கு. சித்திரை வெயிலுக்கு மச்சுல மனுசன் உக்கார முடியல. அதனால கேம டிவிக்கு ஸ்ட்ரீம் பண்ணி கீழ பாய விரிச்சு உக்காந்து ஆடுதேன். பட்டன அமுக்குனா பந்து செத்த நேரம் கழிச்சுதான் போகுது. அதே வைஃபைல அம்மா 4கே படம் பாக்காவ, ஒரு தடவ கூட நின்னதில்ல. படத்துக்கு இருக்க ஸ்பீடு கேமுக்கு மட்டும் எங்க போச்சு?"

ஸ்பீடு எங்கயும் போகல தம்பி. உனக்குப் பிரச்சினை ஸ்பீடு இல்ல, காத்திருக்கது. நடுவுல யாரோ ஒருத்தன் அடுத்து என்ன வருதுன்னு பாத்துட்டுத்தான் கைல இருக்கதத் தருவேன்னு புடிச்சு வச்சுக்கிட்டு நிக்கான். அவன் யாருன்னு கண்டுபுடிக்கணும், அதுக்கு மொதல்ல மச்சுலருந்து பட்டாசல் வரைக்கும் என்ன நடக்குன்னு பாத்துருவோம்.

தெரிஞ்ச பாகத்த வேகமாச் சொல்லிருதேன். கேம் முழுக்க மச்சுலதான் ஓடுது. கிராஃபிக்ஸ் கார்டு படத்த வரையும், அதே கார்டுல இருக்க என்கோடர் அதச் சுருக்கும், ரூட்டர் வழியா டிவிக்கு வரும், டிவி விரிச்சுக் காட்டும், நீ கண்ட்ரோலர்ல அமுக்குறது பொடிப் பாக்கெட்டா, அதாவது தகவல் பொட்டலமா, திரும்ப மேல போகும். இப்படி ஸ்ட்ரீம் பண்ணுற ஆப் ஸ்டீம் லிங்க்கோ, 2013ல அமெரிக்காவுல காலேஜ் பசங்க ஆரம்பிச்ச மூன்லைட்டோ, எல்லாத்துக்கும் கத இதான்.

படம் பாக்கது பந்திச் சோறு மாதிரி. எல்லாம் எப்பவோ சமைச்சு வச்சாச்சு, டிவி நிறைய பாகத்த முன்னாடியே எறக்கி வச்சுக்கிடும், வைஃபை நாலு செகண்ட் மக்கர் பண்ணுனாலும் அம்மாவுக்குத் தெரியாது. கேம் அப்படி இல்ல, அது கல்லுலருந்து நேரா இலைக்கு வர்ற தோச. நீ அடுத்து எந்தப் பட்டன அமுக்குவன்னு உனக்கே தெரியாது, அப்புறம் அடுத்த படத்த எவன் முன்கூட்டி வரைஞ்சு வைப்பான்? செகண்டுக்கு 60 படம், ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட், அவ்வளவுதான் கணக்கு.

இப்ப அந்தப் படத்தோட எடையப் பாருங்க. 1920க்கு 1080ன்னா 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் பிக்ஸல், ஒண்ணுக்கு 3 பைட், 60 படம், எல்லாத்தையும் பெருக்குனா செகண்டுக்கு கிட்டத்தட்ட 300 கோடி பிட். சுருக்காம அனுப்பணும்னா 3 ஜிகாபிட் லைன் வேணும். ஆனா வீட்ல நாம 20, 30 மெகாபிட்லயே நல்லா ஆடிட்டு இருக்கோம். நூறுல ஒரு பங்கா ஆக்குறது எப்படின்னு கேட்டா, எனக்கு இந்த மொத்த சமாச்சாரத்துலயும் பிடிச்ச எடம் அதான், கொஞ்சம் பொறுமையாச் சொல்லுதேன்.

ஆனித் தேரோட்டத்த நெனச்சுக்கோங்க. பாம்பேல இருக்க பெரியப்பாவால ஊருக்கு வர முடியல, போன்ல சொல்லுலேன்னு கேக்காவ. நீங்க வாகையடி முக்குல நிக்கிய. மொதத் தடவ எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும், தேர் எங்க நிக்கு, கட எங்க இருக்கு, யார் வீட்டு மாடில ஆள் நிக்கி, வடத்துல எவ்வளவு கூட்டம், எல்லாம். ஒரு நிமிசம் கழிச்சு "இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டா மறுபடி மொதல்லருந்தா சொல்லுவிய? "தேர் பத்தடி முன்ன வந்திருக்கு, மேல துணி மட்டும் எடது பக்கமா சாஞ்சிருக்கு, மத்ததெல்லாம் அப்படியே"ன்னு முடிச்சிருவிய. பெரியப்பா மனசுல ஏற்கனவே ஒரு படம் இருக்கு, அதுல தேர மட்டும் நகத்தி வச்சுக்கிடுவாவ. என்கோடர் பண்ணுறதும் இந்த வேலதான். மொதப் படம் முழுப்படம், அதுக்குப் பெறகு வர்றதெல்லாம் "முன்ன அனுப்புனதுல இதத் தூக்கி இங்க வை"ங்கிற குறிப்பு.

ஆனா என்கோடருக்குத் தேர்னா என்னன்னு தெரியாது, அதான் இதுல அழகு. அது படத்த 16க்கு 16 பிக்ஸல் கட்டமா வெட்டிக்கிடும், அகலத்துக்கு 120 கட்டம், ஒசரத்துக்கு 67 அர. அரக் கட்டம்னு ஒண்ணு கெடையாதே, அதனால 68 ஆக்கி, அதாவது 1088 வரியா வச்சு சுருக்கிட்டு, கடேசி 8 வரிய டிவி வெட்டிப் போட்டுரும். (இந்த 8 வரி கத எனக்கு மொதல்ல தெரிஞ்ச அன்னைக்கு வீட்ல எல்லாத்தையும் கூப்ட்டு சொன்னேன், ஒருத்தரும் மதிக்கல.) இப்படி 8160 கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, இதுக்கு முந்தின படத்துல இதே மாதிரி ஒரு துண்டு சுத்துவட்டாரத்துல எங்கயாவது இருக்கான்னு தேடும். கெடச்சா "ரெண்டு வலது, ஒண்ணே கால் கீழ"ன்னு எழுதி அனுப்பிரும். ஒண்ணே கால்னு சும்மா சொல்லல, எச்.264ங்கிற வீடியோ சுருக்குற முறைல பிக்ஸல்ல கால்வாசி வரைக்கும் நுணுக்கமா நகத்துவாவ, பக்கத்துப் பிக்ஸல்களக் கலந்து நடுவுல இல்லாத புள்ளியையே உண்டாக்கி. செகண்டுக்கு 60 படம்னா கிட்டத்தட்ட 4 லட்சத்து 90 ஆயிரம் கட்டம், ஒவ்வொண்ணுக்கும் இந்தத் தேடல், இதுக்குன்னே தனியா செஞ்ச சில்லுங்கறதால கேம் ஓடுற வேகம் பெருசாக் கொறையாது.

அந்தத் துண்டு நெஜமாவே நகந்து வந்த அதே பொருளா, இல்ல பாக்க அதே மாதிரி இருக்க வேற எதுவுமான்னு அதுக்குக் கவலையே கெடையாது, பாக்க ஒண்ணா இருந்தாப் போதும். இதுலருந்தே இது எங்க திணறும்னும் சொல்லிரலாம். ஃபுட்பால்னா ஒரே பச்ச மைதானம் மொத்தமா நகரும், சுளுவு. குத்தாலம் ஐந்தருவி மாதிரி தண்ணி தெறிச்சு விழுற காட்சி வந்துச்சுன்னா ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் சம்பந்தமே இருக்காது, பழைய துண்டு ஒண்ணும் பொருந்தாது. மழையும் காத்துல ஆடுற புல்லும் வர்ற கேம்ல படம் திடீர்னு கட்டம் கட்டமாத் தெரியுறது இதனாலதான், லைன் போச்சுன்னு ரூட்டரப் போட்டு அடிக்காதீங்க.

நகத்தி ஒட்டுன பெறகும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும்லா, துணி சாஞ்ச மாதிரி. அதையும் அப்படியே அனுப்ப மாட்டாவ, அல அலையாப் பிரிச்சு கண்ணுக்குத் தெரியாத பொடி அலையத் தூக்கிப் போட்டுருவாவ. இதுக்கு மூலம் டிசிடி, அதாவது டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்ங்கிற கணக்கு. பெங்களூர்ல பொறந்த நசீர் அகமது 1972ல அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைல இத ஆராய பணம் கேட்டாரு, கெடைக்கல, ரொம்ப எளிமையா இருக்குன்னு ஒருத்தர் எழுதிட்டாராம். மனுசன் விடல, காசு ஒண்ணும் வராமலே கோடை லீவுல உக்காந்து, டி. நடராஜன்னு தன் ஆராய்ச்சி மாணவரையும் கே. ஆர். ராவையும் சேத்துக்கிட்டு 1974ல கட்டுரை போட்டாரு. இன்னைக்கு உங்க போன்ல இருக்க ஜேபெக் போட்டோலருந்து பட்டாசல்ல ஓடுற கேம் வரைக்கும் அதோட வாரிசுதான். எளிமையா இருக்குன்னு காச மறுக்குறவன விட முட்டாள் எவனும் இல்லன்னு எனக்குத் தோணும், நம்ம ஊர்லயும் "இதனால உடனே என்ன பிரயோசனம்"னு கேட்டே பாதிப் பேர ஆராய்ச்சி பக்கம் வரவிடாம பண்ணிட்டோம், சரி அது இங்க வேண்டாம்.

போன் கதைக்கு வாரேன். நடுவுல போன் ஒரு செகண்ட் கட் ஆகி "தேர் பத்தடி முன்ன வந்திருக்கு" மட்டும் பெரியப்பா காதுல விழலன்னு வைங்க. அதுக்குப் பெறகு நீங்க எவ்வளவு சரியாச் சொன்னாலும் அவுக மனசுல தேர் பத்தடி பின்னாலதான் நிக்கும். ஒரு பாக்கெட் தொலஞ்சா டிவில படம் கோணலாகி அந்தக் கோணல் மேலயே அடுத்த படமும் ஒட்டுறது இதான். படத்துல இது நடந்தா "மறுபடி சொல்லு"ன்னு கேட்டு வாங்கிக்கிடலாம், கேம்ல திரும்பக் கேட்டு வர்றதுக்குள்ள கோல் விழுந்துரும். அதனால முன்னாடியே 10 பாக்கெட்டுக்கு 2 உபரி கணக்குப் போட்டுச் சேத்து அனுப்புவாவ, 12ல எந்த 10 வந்தாலும் முழுசையும் மீட்டுறலாம். அதையும் மீறிப் போச்சுன்னா, டிவி "இந்தப் படம் எனக்கு வரல"ன்னு மட்டும் மேல சொல்லும், என்கோடர் அதுக்கு முந்தின நல்ல படத்த ஆதாரமா வச்சு அடுத்ததச் செய்யும்.

இன்னொரு தந்திரம் இருக்கு, அதுதான் உன் கேள்விக்குப் பதில். சினிமாவச் சுருக்கும்போது முன்ன வந்த படத்த மட்டும் இல்ல, பின்னால வரப்போற படத்தையும் பாத்துக்கிடுவாவ. "தேர் இப்ப அங்கயும் இல்ல இங்கயும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல"ன்னு ஒரே சொல்லுல முடிஞ்சிரும், எடம் ரொம்ப மிச்சம். ஆனா அப்படிச் சொல்லணும்னா தேர் அங்க போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க வாய மூடிட்டுக் காத்திருக்கணும். கேம் ஸ்ட்ரீமிங்ல இத அறவே விட்டுருவாவ. பின்னால வர்றதப் பாக்க ஆசப்பட்டவன் எவனும் இந்த வழில நிக்கக் கூடாது.

போன ஞாயித்துக்கெழம அந்தத் தம்பி வீட்டுக்கே போயிட்டேன். நாம அளக்க ஒரு கருவியும் வாங்க வேண்டாம், போன்ல ஸ்லோமோஷன் செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுக்கும்லா, கண்ட்ரோலரையும் டிவியையும் ஒரே ஃப்ரேம்ல வர்ற மாதிரி வச்சு எடுத்துட்டு, வெரல் பட்டன அழுத்துன ஃப்ரேம்லருந்து ஆள் கால் தூக்குற ஃப்ரேம் வரைக்கும் எண்ணணும். ஒரு ஃப்ரேம் 4 மில்லிசெகண்டுக்குச் சொச்சம். மொதத் தடவ 41 ஃப்ரேம் வந்துச்சு, அதாவது 170 மில்லிசெகண்ட். தம்பி வைஃபையத்தான் திட்டிட்டு இருந்தான். நான் ரிமோட்ட வாங்கி டிவில கேம் மோட் போட்டேன். திரும்ப எடுத்தா 19 ஃப்ரேம்! பாதிக்கு மேல குத்தம் டிவியோடது. கேம் மோட் போடாதப்ப, படம் வழுக்கிட்டுப் போற மாதிரி காட்டணும்னு ரெண்டு படத்துக்கு நடுவுல தானே ஒரு படத்த உண்டாக்கிச் சொருகுது, அதுக்கு அடுத்த படம் வர்ற வரைக்கும் புடிச்சு வச்சுக்கிடுது. என்கோடர் கஷ்டப்பட்டு விட்டுக்குடுத்தத டிவி பட்டாசல்ல உக்காந்து திரும்பச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

மிச்சம் இருந்ததுல கொஞ்சம் வைஃபை. காத்துல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தன்தான் பேச முடியும், மத்தவன் கேட்டுட்டு இருந்து, சந்து கெடைக்கும்போது பேசணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சொல்ல முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11னு மூணே மூணு, தெருவுல ரூட்டர் முப்பது. 5 கிகாஹெர்ட்ஸ் காலியா இருக்கும், ஆனா அவுக வீடு பழைய காரச் செவரு, ஒண்ணர அடி தடிமன், சிக்னல் இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள செத்துருது. இதுல அவுக ஆச்சி ரூட்டர் மேல கதிர்வீச்சத் தடுக்கும்னு யாரோ வித்த ஸ்டிக்கர ஒட்டி வச்சிருக்காவ. அது நெஜமாவே தடுத்தா வைஃபையே வரக்கூடாதுல்லா ஆச்சின்னு கேட்டேன், "நீ சும்மா இருலே"ன்னுட்டாவ.

அப்புறம் கண்ட்ரோலர். பாய்ல உக்காந்து மவுஸ் உருட்ட முடியாது, அதனால கண்ட்ரோலர்தான் சுகம், குறி வச்சுச் சுடுற கேம்னா உள்ள இருக்க ஜைரோவ, அதாவது கைய திருப்புறத உணர்ற சென்சார, ஆன் பண்ணிக்கோங்க, பெருசாத் திருப்ப குச்சி, பொடிசாத் திருத்த மணிக்கட்டு, மவுஸுக்குக் கிட்டத்துல வந்துரும். தம்பி கண்ட்ரோலர்ல கைய எடுத்தாலும் ஆள் தானா எடது பக்கம் நடக்கான், அதையும் ஸ்ட்ரீமிங் கோளாறுன்னு நெனச்சிருக்கான். அது குச்சிக்கு அடில இருக்க கரித்தடம், தேய்ஞ்சு தேய்ஞ்சு நடு எதுன்னு அதுக்கே மறந்துருது. இப்ப ஹால் எஃபெக்ட் குச்சி வருது, 1879ல எட்வின் ஹால் கண்டுபுடிச்ச சங்கதி, காந்தம் நகர்றத உரசாமலே சென்சார் சொல்லிரும், தேயுறதுக்கு ஒண்ணும் இல்ல. புதுசு வாங்குனா அதப் பாத்து வாங்கு.

கடேசியா கேபிள். செவத்துல ஓட்ட போட அவுக அப்பா சம்மதிக்கல, தாத்தா கட்டுன வீடாம். மச்சுலருந்து முத்தத்துக் கம்பி வழியா 15 மீட்டர் ஈதர்நெட் கேபிளத் தொங்கவிட்டு எறக்குனோம், 100 மீட்டர் வரைக்கும் தாராளமாப் போகும், டிவில இருக்க 100 மெகாபிட் ஓட்டையே இதுக்கு மிச்சம். திரும்ப எண்ணுனா 14 ஃப்ரேம், 58 மில்லிசெகண்ட். நாங்க எண்ணி முடிச்சு நிமிந்து பாக்கதுக்குள்ள அவுக அம்மா அந்தக் கேபிள்ல ஒரு ஈரத்துண்டக் காயப் போட்டிருந்தாவ. பதறிப்போய் இன்னொரு தடவ எடுத்தோம், அப்பவும் 14தான்.