குட்டி நாடுகள் உலக அவையில் காரியம் சாதிப்பது எப்படி?

பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள்தொகை ஏறக்குறைய 11,000. ஐ.நா. பொதுச்சபையில் அதற்கு ஒரு வாக்கு. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் அதே ஒரு வாக்குதான். மொத்த உறுப்பு நாடுகள் 193; அவற்றில் 108 நாடுகள் 1992-இல் சிங்கப்பூர் முன்னின்று தொடங்கிய சிறு நாடுகள் மன்றத்தில் இருக்கின்றன. குட்டி நாடுகளின் செல்வாக்குக்கு இந்த எண்ணிக்கையே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. பொதுச்சபைத் தீர்மானங்களில் பெரும்பாலானவை யாரையும் கட்டுப்படுத்தாதவை. வாக்கு உள்ளே நுழைய உதவும், அவ்வளவுதான். காரியம் நடப்பது அதற்கு முன்னால், வரைவு எழுதும் மேசையில்.

சர்வதேச ஒப்பந்தம் எதையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவதில்லை. உடன்பாடு வராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். ‘நாடுகள் உமிழ்வைக் குறைக்க [வேண்டும்] [முயலலாம்]’ என்பது போல ஒரு வரி இருக்கும். ஆளுக்கொரு மாற்றம் சொல்லச் சொல்ல, பக்கமெல்லாம் அடைப்புக்குறிகளாகிவிடும். அந்தக் கட்டத்தில் பேச்சுவார்த்தைக்குத் தலைவராக இருப்பவர், எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டு, அடைப்புக்குறியே இல்லாத ஒரு வாசகத்தைத் தாமே எழுதி மேசையில் வைப்பார். அதோடு நிலைமை தலைகீழாகிறது. அதுவரை தன் சொல்லை உள்ளே வைத்திருக்க ஒரு நாடு பிடிவாதம் பிடித்தால் போதும். இனி ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால், மற்றவர்களைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பு அந்த நாட்டின் தலையில். பேனா யார் கையில் இருக்கிறது என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

அந்த நாற்காலியில் அமெரிக்கா உட்கார்ந்தால் ரஷ்யா ஏற்காது. ரஷ்யா உட்கார்ந்தால் அமெரிக்கா ஏற்காது. யாரையும் மிரட்ட முடியாத ஒரு நாட்டின் தூதரைத்தான் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்.

கடல் சட்டத்தின் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1967 நவம்பர் 1 அன்று, சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகளான மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ, ஐ.நா.வில் மணிக்கணக்கில் பேசினார். ஆழ்கடல் தரையில் கிடக்கும் கனிமங்களைத் தொழில்நுட்பம் கைவசமுள்ள நாடுகள் அள்ளிக்கொண்டு போவதற்குள், அந்தத் தரையை மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக அறிவிக்க வேண்டும் என்பது அவர் வாதம். படையோ பணமோ இல்லாத மால்டாவிடம் இருந்தது தயாரிப்பு: கடலடிப் புவியியல், சுரங்கத் தொழில்நுட்பம், இருக்கும் சட்டத்தின் ஓட்டைகள் எல்லாவற்றையும் அவர் அடுக்கி வைத்தார். பெரிய நாடுகள் நூறு விஷயங்களில் கவனம் செலுத்த வேண்டியிருக்கும். சின்ன நாடு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் அந்த அவையிலேயே அதிகம் தெரிந்தவராக ஆகிவிடலாம்.

1973-இல் தொடங்கிய கடல் சட்ட மாநாட்டில், ஒருமித்த கருத்துக்கான எல்லா வழியும் அடைபடும்வரை வாக்கெடுப்பே வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். 1975-இல் மூன்று குழுக்களின் தலைவர்களிடம் ஒற்றை வரைவு எழுதும் வேலை போனது. அந்த மூவரும் கேமரூன், எல் சால்வடார், பல்கேரியா நாட்டவர்கள். மாநாட்டுக்கே தலைவராக இருந்தவர் இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க. 1980-இல் அவர் இறந்தபின் சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்று 1982-இல் முடித்துக் கொடுத்தார். 320 பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை அது. சிங்கப்பூருக்கும் இதில் சொந்தக் காரியம் இருந்தது: நீரிணைகள் வழியே கப்பல்கள் தடையின்றிப் போவதுதான் அதன் பிழைப்பு. தலைவர் பதவியில் இருப்பவருக்கு அக்கறையே இருக்கக்கூடாது என்பதில்லை. மற்றவர்களின் அக்கறைக்கும் அவர் எழுதும் வாசகத்தில் இடம் இருக்க வேண்டும். பார்டோவுக்கு முழுத் திருப்தி இல்லை. கடற்கரையிலிருந்து 200 கடல்மைல் வரை அந்தந்த நாட்டுக்கே பொருளாதார உரிமை என்று ஆனதில், பொதுச் சொத்து நன்றாகச் சுருங்கிவிட்டது.

ஒருமித்த கருத்து என்ற விதி தடுப்பதற்கும் உதவும். பருவநிலை மாநாடுகளில் வாக்கெடுப்பு விதியை நாடுகள் இன்றுவரை ஏற்கவில்லை. அதனால் முக்கிய முடிவுகள் எல்லாம் ஒருமித்தே வர வேண்டும். 2009-இல் கோபன்ஹேகனில் பெரிய நாடுகள் தங்களுக்குள் பேசி முடித்துக் கொண்டுவந்த உடன்பாட்டை, கடைசி இரவில் துவாலுவும் பொலிவியா, வெனிசுவேலா உள்ளிட்ட சில நாடுகளும் எதிர்த்தன. மாநாடு அதை ஏற்காமல் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் இந்த ஆயுதத்தை அடிக்கடி எடுக்க முடியாது. எல்லாவற்றையும் தடுக்கும் நாட்டை மற்றவர்கள் அடுத்த முறை அறைக்குள்ளேயே அழைக்க மாட்டார்கள்.

ஆகவே கூட்டணி. 1990-இல் உருவான சிறு தீவு நாடுகள் கூட்டணியில் இப்போது 39 நாடுகள். ஒரே குரலில் பேசுவதால் ஆட்பற்றாக்குறையையும் ஓரளவு சமாளிக்கிறார்கள்: ஒருவர் நிதி பற்றிய கூட்டத்துக்குப் போனால் இன்னொருவர் உமிழ்வுக் கூட்டத்துக்குப் போகலாம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில், புவி வெப்ப உயர்வுக்கான வரம்பாக 1.5 டிகிரி என்ற எண் ஏறியதில் இவர்களின் விடாப்பிடிக்குப் பெரும் பங்குண்டு. ஆனாலும் ஆள் போதவில்லை. 2023-இல் துபாய் பருவநிலை மாநாட்டுத் தலைவர் முடிவை அறிவித்துச் சுத்தியலைத் தட்டியபோது, இந்தக் கூட்டணியின் பிரதிநிதிகள் இன்னும் அரங்குக்குள் வந்து சேரவில்லை. சமோவாவின் ஆன் ராஸ்முசென் எழுந்து அதைச் சொன்னபோது எழுந்த கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. முடிவு மட்டும் மாறவில்லை. என்னைக் கேட்டால், சின்ன நாடுகளின் உண்மையான பலவீனம் மக்கள்தொகை அல்ல, அறையில் உட்கார வைக்க ஆள் இல்லாததுதான்.

பேச்சுவார்த்தை நகராதபோது வேறு கதவைத் தட்ட வேண்டும். கடல்மட்ட உயர்வால் வரும் இழப்புக்கு நிதி வேண்டும் என்று பசிபிக் தீவு நாடான வனுவாட்டு 1991-லேயே கேட்டது. அதற்கான நிதியம் அமைக்க முடிவானது 2022-இல். இடையில் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-இல் ஒரு யோசனை சொன்னார்கள்: சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாமே. பொதுச்சபை கேட்டால் நீதிமன்றம் பதில் சொல்லும். பாதுகாப்புச் சபையின் வீட்டோ அங்கே குறுக்கே வராது. வனுவாட்டு நாடு நாடாகப் பேசி, வரைவைத் திருத்தித் திருத்தி 132 நாடுகளை உடன் முன்மொழிய வைத்தது. 2023 மார்ச்சில் வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டப்பூர்வக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம். கருத்து யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. சரி, அப்புறம் என்ன பயன்? ஒரு நாட்டின் உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுபவரும், அடுத்த மாநாட்டில் வரைவின் ஒரு வரிக்காக வாதாடும் தீவு நாட்டுத் தூதரும் அதை எடுத்துக் காட்டலாம்.