இன்ஜினுக்குள் ஏதோ விழுந்துவிட்டதா? கிக்கரைத் தொடாதீர்கள்

"அண்ணா, பிஸ்டன் லாக் ஒன்று தெறித்துவிட்டது. உள்ளே போனதா வெளியே போனதா தெரியவில்லை. அப்படியே மாட்டிவிடலாமா?"

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பைக் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி போனில் அடிக்கடி வருகிறது. வீட்டு வாசலில் வீடியோ பார்த்து ஹாஃப் இன்ஜின் வேலை (சிலிண்டர், பிஸ்டன் வரை மட்டும் கழற்றிச் செய்வது) செய்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். வேலந்தாவளம், கோபாலபுரம் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்த பையன்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். அது கிடைக்கும்வரை, இல்லை உள்ளே இல்லை என்று உறுதியாகும்வரை மாட்டாதீர்கள். அதைவிட முக்கியம், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கைச் சுற்றாதீர்கள்.

லாக் என்பது பிஸ்டன் பின் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய எஃகுக் கம்பி வளையம். விரல் நுனியில் நிற்கும். ஆனால் நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் எல்லாம் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. மேலே விழுந்த பொருள் ஆயிலோடு சேர்ந்து கியர் பக்கம் போய்விட வழி இருக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் இன்ஜினில் கிராங்க் ஒரு நொடிக்கு 100 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே எஃகுத் துண்டு மாட்டினால் பல் உடையும், இன்ஜினின் அலுமினியக் கூடான கேஸ் விரிசல் விடும். அதோடு போனால் பணச் செலவுதான். கியர்பாக்ஸ் இறுகிவிட்டால் நடப்பது வேறு. கிராங்க் இறுகினால் கிளட்சைப் பிடித்துப் பின்சக்கரத்தை விடுவிக்கலாம். கியர்பாக்ஸ் இறுகினால் கிளட்ச் பிடித்தும் பயனில்லை, சக்கரம் அப்படியே நின்றுவிடும். வாளையார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் "ஓடினால் தானாக வெளியே வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, எங்கே தேடுவது? முதலில் வெளியே. தரையைப் பெருக்காதீர்கள். வண்டிக்குக் கீழே விரித்த துணி, சிலிண்டர் பட்டைகளின் இடுக்கு, சேஸ் மடிப்பு, பேன்ட் மடிப்பு, செருப்பின் அடி, கை துடைத்த துணி என எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். கழற்றிப் போட்ட பழைய பேக்கிங்கில் (இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆயில் கசியாமல் வைக்கும் தாளில்) ஒட்டியிருக்கவும் கூடும். பல சமயம் இங்கேயே கிடைத்துவிடும்.

கிடைக்கவில்லை என்றால் உள்ளே. டார்ச் அடித்துப் பாருங்கள், காந்தக் குச்சியை மெதுவாக விட்டுத் துழாவுங்கள். எஃகு என்றால் ஒட்டிக்கொள்ளும். செம்பு வாஷர், அலுமினியத் துண்டு, ரப்பர் ஓ ரிங் ஒட்டாது. அவற்றுக்குக் குச்சி நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளலாம். அப்புறம் ஆயிலை ஒரு வலை வழியாக வடித்துப் பாருங்கள்.

வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் போகும் வழியாக, அதன் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) போல்ட் விழுந்திருந்தால் மேக்னட் கவரைத் திறந்தே ஆக வேண்டும். மேக்னட் என்பது வண்டிக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம். செயின் அந்தப் பக்கமாக ஓடும் வண்டிகளில், உள்ளே விழுந்த போல்ட்டை மேக்னட்டின் காந்தமே இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். அப்போது காந்தக் குச்சியை எவ்வளவு துழாவினாலும் அகப்படாது. இந்த ஒரு விஷயம் தெரியாமலே "உள்ளே ஒன்றும் இல்லை" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அதிலும் இல்லையென்றால் கிளட்ச் கவர், கடைசியில் கேஸ் பிரிப்பது. ஹாஃப் இன்ஜின் வேலை ஃபுல் இன்ஜின் வேலையாகிவிடும்தான். பேக்கிங் செட்டும் கூலியும் கூடும். உடைந்த கேஸுக்கும் கியருக்கும் ஆகும் செலவோடு பார்த்தால் அது குறைவு.

லாக் உடைந்த நிலையில் கிடைத்தால் துண்டுகளை வெள்ளைத் தாளில் சேர்த்து வைத்து, புது லாக்கோடு ஒப்பிடுங்கள். கால்வாசி குறைந்தாலும் தேடல் முடியவில்லை என்று அர்த்தம்.

விழாமல் பார்த்துக்கொள்வது இதையெல்லாம்விட எளிது. லாக்கைத் தொடும் முன் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். எங்கள் பக்கம் எல்லோரும் திருப்பூர் பனியன் வேஸ்டைத்தான் (கழிவுத் துணி) பயன்படுத்துகிறோம். கை துடைக்க அது நல்லது, வாயை அடைக்க வேண்டாம். நூல் பிரிந்து ஆயில் வலையை அடைத்துவிடும். ஓரம் தைத்த, தடித்த, பெரிய துணி ஒன்றே போதும். சின்னச் சின்னத் துணிகளாக அடைத்தால் ஒன்று உள்ளேயே தங்கிவிட வாய்ப்புண்டு. லாக் மாட்டும்போது மறுகையின் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தெறிக்காது. பழைய லாக்கைத் திரும்பப் போடாதீர்கள். புது லாக்கின் வாய்ப் பகுதி, அதாவது இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, மேல் அல்லது கீழ் பார்த்து இருக்கட்டும், பிஸ்டனில் கழற்றுவதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேராக வரக்கூடாது. சரியாக உட்காராத லாக் ஓட்டத்தில் கழன்று சிலிண்டரின் உட்சுவரைக் கீறிவிடும். டைமிங் செயினைக் கழற்றியதும் உள்ளே விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி அடிக்கும் ஊர் இது. திறந்த இன்ஜினைச் சாப்பிடப் போகும் நேரத்தில்கூட மூடாமல் விடாதீர்கள். மணலும் உள்ளே விழுகிற பொருள்தான்.

வண்டிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் பால் கேன் ஏற்ற வேண்டும், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போக வேண்டும் என்ற உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் மெக்கானிக் "ஒரு சாமான் குறைகிறது, நாளைக்குத் தருகிறேன்" என்று சொன்னால் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பையன் அடுத்த முறை சொல்லாமலே மூடிவிடுவான்.

எல்லாக் கவரையும் திறந்து, கேஸையும் பிரித்துப் பார்த்து, அப்போதும் இல்லையென்றால் அது உள்ளே இல்லை. தைரியமாக மாட்டலாம். ஸ்பேனரை வைத்துக் கையால் கிராங்கை மெதுவாகச் சில சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். தட்டவில்லை என்றால் ஸ்டார்ட் செய்து, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, பழைய ஆயிலை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.