லொறித் தரையை மாற்றும்போது தகடு ஏன் நெளிகிறது

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, கொழும்பில் பழைய லொறிகளை எப்படியாவது ஓடவைப்பதே ஒரு தொழிலானது. இயந்திரப் பாகங்களை, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்துவிடலாம். கெபினின் தரை உக்கிப்போனால்தான் சிக்கல். அதை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டை அளந்து பொருத்தி வெல்டிங் செய்ய வேண்டும்.

உக்கல் பெரும்பாலும் றப்பர் விரிப்புக்குக் கீழேதான் தொடங்கும். மழைக்காலத்தில் செருப்போடு வரும் ஈரம், முன் கண்ணாடி ஓரமாக ஒழுகும் நீர் எல்லாம் அங்கே தேங்கும். கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கறள் பிடிப்பதே ஒரு மின்வேதியியல் வேலை. விரிப்பின் ஓரத்தில் ஒட்சிசன் தாராளம், உள்ளே குறைவு. ஒட்சிசன் குறைந்த இடம் அனோட்டாக, அதாவது கரையும் முனையாக மாறி, அங்குள்ள இரும்பு கரைகிறது. அதனால்தான் ஓரம் நன்றாக இருக்க, உள்ளே கால் வைத்தால் ஓட்டை விழுகிறது.

சரி, ஓட்டையை வெட்டி எடுக்கலாம் என்று நேரே கிரைண்டரைத் தூக்கக்கூடாது. கெபினின் அடிப்பக்கத்தைக் கோணாமல் பிடித்திருப்பது அந்தத் தரைதான். அதை எடுத்ததும் கதவுத் தூண்கள் சற்றே விலகலாம், சாயலாம். அந்த நிலையில் புதுத் தகட்டை வெல்ட் பண்ணினால் கோணல் நிரந்தரமாகிவிடும், கதவும் பூட்டாது. அனுபவமுள்ள பாஸ்மார் (கராஜ் கைவினைஞர்கள்) முதலில் கெபினை அதன் தாங்கிகளில் ஒழுங்காக உட்காரவைத்து, கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்ட் பண்ணிவிடுவார்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுவார்கள்.

அளப்பதற்கு மூலைவிட்டம்தான் நல்ல கருவி. வாசல் 90 செ.மீ அகலமும் 120 செ.மீ உயரமும் உள்ள செவ்வகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூலைவிட்டங்களும் 150 செ.மீ. மேல்விளிம்பு பக்கவாட்டில் 5 மி.மீ நகர்ந்தால் ஒன்று 3 மி.மீ நீளும், மற்றது 3 மி.மீ குறையும். வித்தியாசம் 6 மி.மீ. கண்ணுக்குப் படாத சாய்வு அளவு நாடாவில் அகப்பட்டுவிடும். நிஜ வாசல்கள் இவ்வளவு ஒழுங்கான செவ்வகமல்ல. ஆகவே வெட்டுவதற்கு முன் எடுத்த அளவோடும், உக்காத பக்கத்து வாசலின் அளவோடும் ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே தொய்ந்துபோன கெபினில் பழைய அளவை மட்டும் நம்ப முடியாது. கதவைத் திரும்ப மாட்டி மூடிப் பார்ப்பதை நான் எந்த அளவு நாடாவைவிடவும் அதிகம் நம்புவேன்.

இனி வெல்டிங். 1 மீற்றர் உருக்கு 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1.2 மி.மீ நீளும். சும்மா விட்டால், ஆறியதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். வெல்டிங்கில் அது நடப்பதில்லை. உருகும் இடத்தில் ஏறத்தாழ 1500 பாகை. ஒரு சாண் தள்ளிக் கையே வைக்கலாம். சூடான கீற்று நீளப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. சூட்டில் இளகிய உலோகம் போக வழியில்லாமல் நசுங்கித் தடிக்கும். ஆறும்போது அந்தக் கீற்று முன்பிருந்ததைவிடக் குட்டையாகி, இரு பக்கத் தகட்டையும் தன் பக்கம் இழுக்கும். தடித்த இரும்பு இந்த இழுவையைத் தாங்கிக்கொள்ளும். 1 மி.மீ தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இதற்கு உருகும் அளவுச் சூடுகூட வேண்டாம். அசைய விடாமல் பிடித்த மென்னுருக்கு, 80 முதல் 100 பாகை வரை சூடு கூடினாலே நிரந்தரமாக நசுங்கத் தொடங்கும்.

அதனால்தான் தரைத் தகட்டில் ஒரே மூச்சில் நீளமாகக் கோடு இழுப்பதில்லை. இந்தக் கோடியில் ஒரு பொட்டு, எதிர்க் கோடியில் ஒரு பொட்டு, அப்புறம் நடுவில். சூடு தணிந்ததும் இடைவெளிகளை நிரப்புவார்கள். அவசரத்துக்கு ஈரத்துணி போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, காத்திருப்பதே நல்லது. சுருங்கிய பொட்டை, அடியில் டொலி என்ற இரும்புக் கட்டியை வைத்து மேலே சுத்தியலால் தட்டினால், நசுங்கி மெலிந்து கொஞ்சம் நீளும். இழுவையும் தளரும்.

தொழிற்சாலையில் தகடு தகட்டின் மேல் ஏறும் விளிம்புகளை ஸ்பொட் வெல்டிங் செய்திருப்பார்கள். இரண்டையும் செப்பு முனைகளால் அழுத்தி மின்சாரம் பாய்ச்சினால், அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் தடை அதிகம் என்பதால் அங்கேதான் உருகும். கராஜில் அதற்குப் பதிலாகப் புதுத் தகட்டில் 6 முதல் 8 மி.மீ துளைகள் போட்டு, அவற்றின் வழியே கீழ்த் தகட்டோடு சேர்த்து, கம்பியைத் தானே ஊட்டும் மிக் வெல்டரால் நிரப்புவார்கள். கிளாம்பால் இறுக்காமல் இடைவெளி விட்டால் மேல்தகடு ஓட்டையாகும், கீழ்த்தகடு ஒட்டாது.

நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் வெல்ட் பண்ணும் இடத்தைச் சுரண்டிவிட வேண்டும். நாகம் 907 பாகையிலேயே கொதித்து, இரும்பு உருகும் முன்னரே வெள்ளைப் புகையாகும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரலாம். மின்கலத்தைக் கழற்றுவதும், அடியில் ஓடும் எரிபொருள் குழாயையும் வயர்களையும் ஒதுக்கிவைப்பதும் சொல்லாமலே தெரிய வேண்டியவை.

வெல்டிங் சூட்டில் அடிப்புறப் பூச்சும் எரிந்து வெறும் இரும்பாகிவிடும். அங்கே பிரைமரும், மடிப்புகளில் சீலரும் பூசி, மூடிய பெட்டி வடிவக் கட்டைகளுக்குள் துளை வழியே மெழுகு தெளித்துக் காயவிட்டால் வேலை முடிந்தது.