பூட்டிய ஃபயர்வால், திறந்த போர்ட்

சர்வரில் 22, 80, 443 ஆகிய மூன்று போர்ட்டுகளை (சேவைகளுக்கான வாசல் எண்கள்) மட்டும் திறந்துவிட்டு, மற்றதையெல்லாம் லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடியிருந்தேன். நிலவரம் கேட்டால் அதுவும் அப்படித்தான் சொன்னது. பிறகு வேறொரு இணைப்பிலிருந்து, சும்மா பார்ப்போமே என்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வழக்கமான போர்ட்டான 5432-ஐத் தட்டினேன். போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல் கேட்டது! டாக்கர் என்ற மென்பொருள் தனியாகப் பிரித்து ஓட்டும் கன்டெய்னருக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நான் நம்பிய டேட்டாபேஸ், உலகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஃபயர்வாலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். விதிகளை அழித்துப் புதிதாக எழுதினேன். எதுவும் மாறவில்லை. மாறவும் மாறாது. வெளியிலிருந்து வந்த அந்தப் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) என் விதிகள் இருந்த வழியாக வரவே இல்லை.

ஏன் என்று புரிய, கன்டெய்னர் எப்படி நெட்வொர்க்கோடு சேர்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கன்டெய்னர் தனிக் கணினி அல்ல. ஹோஸ்டில், அதாவது அதைத் தாங்கும் சர்வரில், ஓடும் சாதாரண ப்ராசஸ்தான். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்குத் தனியாக ஒரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் கொடுத்திருக்கிறது. அதற்குள் சொந்த ஐபி முகவரி, சொந்த ரவுட்டிங் அட்டவணை, சொந்த 127.0.0.1 (தன்னையே குறிக்கும் முகவரி) எல்லாம் உண்டு. வெளியுலகத்தோடு அதை இணைப்பது வீத் எனப்படும் இரட்டை இன்டர்ஃபேஸ். இரண்டு முனையுள்ள கேபிள் மாதிரி: ஒரு முனை கன்டெய்னருக்குள், மறுமுனை ஹோஸ்டில். ஹோஸ்ட் பக்கத்து முனைகள் எல்லாம் டாக்கர்0 என்ற பிரிட்ஜில் வந்து செருகியிருக்கும். அது மென்பொருளால் ஆன சுவிட்ச். வழக்கமாக அதன் முகவரி 172.17.0.1, கன்டெய்னர்களுக்கு 172.17.0.2, 172.17.0.3 என்று வரிசையாகக் கிடைக்கும். ஆக, டாக்கர் ஓடும் சர்வர் வெறும் சர்வராக மட்டும் இருப்பதில்லை. பின்னால் ஒரு குட்டி நெட்வொர்க்கை வைத்துக்கொண்டிருக்கும் ரவுட்டரும் அதுவே.

இனி அந்த 5432 பாக்கெட்டின் பின்னாலேயே போவோம். ஹோஸ்டின் வெளிப்பக்க இன்டர்ஃபேஸான ஈத்0-இல் அது வந்து இறங்குகிறது. சேருமிடம் சர்வரின் பொது ஐபி. கெர்னலில் பாக்கெட்டுகளை வடிகட்டும் நெட்ஃபில்டர் அதை முதலில் ப்ரீரவுட்டிங் செயினுக்கு (செயின் என்பது விதிகளின் வரிசை) அனுப்புகிறது. போர்ட்டை வெளியிடச் (கன்டெய்னரின் போர்ட்டை ஹோஸ்ட் வழியாகத் திறக்கச்) சொன்னபோது டாக்கர் அங்கே ஒரு விதி எழுதிவைத்திருக்கிறது: 5432-க்கு வருவதை 172.17.0.2-க்குத் திருப்பு. சேருமிட முகவரி அங்கேயே மாறிவிடுகிறது. அதன் பிறகுதான் 'இது எனக்கு வந்ததா, வேறு யாருக்காவதா?' என்ற கேள்வியைக் கெர்னல் கேட்கிறது. முகவரியில் இப்போது இருப்பது கன்டெய்னரின் ஐபி. சரி, நமக்கில்லை என்று அதை, வேறு இடத்துக்குப் போவதைப் பார்க்கும் ஃபார்வர்டு செயினுக்குத் தள்ளிவிடுகிறது. நான் எழுதிய அனுமதி, தடை எல்லாம் இருந்தது ஹோஸ்டுக்கே வருவதைப் பார்க்கும் இன்புட் செயினில். ஃபார்வர்டிலோ டாக்கர் தன் அனுமதி விதிகளை முன்கூட்டியே மேலே போட்டுவைத்திருக்கிறது.

யுஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை. இந்தக் கணினிக்கென்று வருவதைத் தடுக்கிறேன் என்றது; அதைச் செய்தது. இதில் குழப்பத்தைக் கூட்டும் இன்னொன்றும் உண்டு. காத்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால், டாக்கர்-ப்ராக்ஸி என்ற ப்ராசஸ் 5432-இல் காத்திருப்பதாகத் தெரியும். ஹோஸ்டிலேயே ஒரு ப்ராசஸ் கேட்கிறதென்றால் இன்புட் வழியாகத்தானே வர வேண்டும் என்று தோன்றும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் அந்த ப்ராசஸைத் தொடுவதே இல்லை.

தீர்வு சுலபம். அந்தப் போர்ட்டை வெளியிட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் உள்ள கன்டெய்னர்கள், எதையும் வெளியிடாமலே ஒன்றோடொன்று பேசும். ஹோஸ்டிலிருந்து மட்டும் எட்ட வேண்டுமானால் 127.0.0.1:5432:5432 என்று முன்னால் முகவரி சேர்த்து எழுதலாம். (டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில், அதே லோக்கல் நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கணினியால் இதையும் தாண்டி வர முடிந்தது.)

வெளியில் சிலருக்கு மட்டும் திறக்க வேண்டுமென்றால் டாக்கர்-யூசர் என்ற செயின் இருக்கிறது. டாக்கரின் சொந்த விதிகளுக்கு முன்னால் இது ஓடும். நாம் எழுதியதை டாக்கர் அழிக்காது. ஆனால் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். பாக்கெட் இங்கே வருவதற்குள் முகவரி மாறி முடிந்துவிட்டது. ஹோஸ்டின் 8080-ஐக் கன்டெய்னரின் 80-க்குத் திருப்பியிருந்தால், இங்கே 8080 என்று எழுதிய விதியில் எதுவும் சிக்காது. 80 என்று எழுத வேண்டும், அல்லது பழைய போர்ட்டை, இணைப்புகளை நினைவில் வைத்திருக்கும் கான்ட்ராக்கிடம் கேட்க வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் பாக்கெட்டுகளை விடு என்ற விதி மேலே இல்லாமல் 'எல்லாவற்றையும் தடு' என்று எழுதினால், கன்டெய்னர் வெளியே கேட்ட கேள்விக்கு வரும் பதிலும் செத்துப்போகும்.

இதே ஃபயர்வால் தலைகீழாகவும் படுத்தும். ஹோஸ்டில் நேரடியாக ஓடும் ஒரு சேவையைக் கன்டெய்னரிலிருந்து 172.17.0.1 வழியாக அழைத்துப் பாருங்கள். அந்தப் பாக்கெட் உண்மையிலேயே ஹோஸ்டுக்கு வருவது. அதனால் இன்புட் செயினுக்குப் போகும்; யுஎஃப்டபிள்யூ அதைக் கச்சிதமாகத் தடுக்கும். ஊர் பேர் தெரியாதவனை உள்ளே விட்ட காவலாளி, வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்திவைக்கிறான். டாக்கர்0 இன்டர்ஃபேஸிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு அனுமதி என்று ஒரு விதி சேர்த்தால் போதும். கம்போஸ் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கருவி) உருவாக்கும் நெட்வொர்க்குகளுக்கு மட்டும் பிரிட்ஜின் பெயர் வேறாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு தேடும்போது நான் முதலில் கவனிப்பது பிழைச் செய்தியைத்தான். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், பெரும்பாலும் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே கேட்க ஆளில்லை என்று பொருள். கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் 0.0.0.0-க்குப் பதில் 127.0.0.1-இல் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அது கன்டெய்னரின் சொந்த 127.0.0.1, அடுத்தவர் யாரும் எட்ட முடியாது. எந்தப் பதிலும் இல்லாமல் நேரம் கடந்து தோற்றால், வழியில் எதுவோ பாக்கெட்டை விழுங்குகிறது. 'ஹோஸ்டுக்கு வழியில்லை' என்பது ஏமாற்றும் செய்தி. பல நேரம் ரவுட்டிங் அட்டவணையில் எல்லாம் சரியாக இருக்கும். ஏதோ ஒரு ஃபயர்வால் ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் அறிவிப்புச் செய்தி) மூலம் மறுப்புச் சொல்லியிருக்கும்.

அப்புறம், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப். மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கலாம்: ஈத்0, பிரிட்ஜ், கன்டெய்னரின் உள்முனை. உள்ளே போக கன்டெய்னரில் எதையும் நிறுவ வேண்டாம்; என்எஸ்என்டர் கட்டளையால் அதன் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் நுழைந்து, ஹோஸ்டின் டிசிபிடம்ப்பையே ஓட்டலாம். ஈத்0-இல் இணைப்பைத் தொடங்கக் கேட்கும் ஒரு சின் பாக்கெட் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 விநாடி கழித்து அதே சின், பிறகு 2 விநாடி, பிறகு 4 விநாடி. மறுமுனை பதிலுக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிரிட்ஜில் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில், அதாவது ஹோஸ்டின் விதிகளிலோ ரவுட்டிங்கிலோதான் அது தொலைகிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது ஐபிடேபிள்ஸ் (நெட்ஃபில்டர் விதிகளை எழுதும் கட்டளை) விதிகளுக்கு முன்னால். ஆகவே அதில் தெரிவதை வைத்து ஃபயர்வாலைத் தாண்டிவிட்டதாக முடிவுகட்டக் கூடாது.

எந்த விதி விழுங்குகிறது என்பதை, ஒவ்வொரு விதியிலும் சிக்கிய பாக்கெட்டுகளின் ஐபிடேபிள்ஸ் எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். சோதனையை நாலைந்து முறை ஓட்டி, எந்தத் தடை விதியின் எண் ஏறுகிறது என்று பாருங்கள். பட்டியல் சந்தேகத்துக்கிடமாகக் காலியாக இருந்தால், நீங்கள் வேறு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 2014-இல் கெர்னல் 3.13-இல், ஐபிடேபிள்ஸின் அடுத்த தலைமுறையாக என்எஃப்டேபிள்ஸ் வந்தது. இப்போது ஐபிடேபிள்ஸ் கட்டளைக்குப் பழைய பின்னணி, புதிய பின்னணி என்று இரண்டு உண்டு. ஒன்றில் எழுதிய விதி மற்றதில் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒன்று அனுமதித்ததை மற்றது தடுத்தால், தடையே வெல்லும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் யாராவது விதிகளை மொத்தமாக அழித்துவிட்டால் டாக்கர் எழுதியதும் சேர்ந்து போகும். டாக்கரை மறுதொடக்கம் செய்தால் திரும்பி வரும். பாதுகாப்பு ஸ்கிரிப்டுகள் சில, ஐபி ஃபார்வர்டிங்கை 0 ஆக்கிவிடுவதும் உண்டு; அப்போது ஹோஸ்ட் பாக்கெட்டுகளைக் கன்டெய்னருக்குக் கடத்தாது.

இவற்றில் என்னை அதிகம் அலைக்கழித்தது எம்டியூ, அதாவது ஓர் இன்டர்ஃபேஸ் ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச பைட் அளவு. ஹோஸ்டிலிருந்து கர்ல் (இணைய முகவரியைத் திறக்கும் கட்டளை) போகிறது. கன்டெய்னரிலிருந்து பிங்கும் போகிறது, இணைப்பும் திறக்கிறது, மறையாக்கத்தைத் தொடங்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலில் அப்படியே உறைந்து நிற்கிறது. தடுக்கும் விதி எதுவும் இல்லை. அந்த சர்வர் வெளியே போனது ஒயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் வழியாக. அதன் எம்டியூ 1420. டாக்கர்0-க்கோ 1500. தன் இன்டர்ஃபேஸைப் பார்த்து, தலைப்பு போக 1460 பைட் வரை அனுப்பு என்று கன்டெய்னர் மறுமுனைக்குச் சொல்கிறது. சின்னப் பாக்கெட்டுகள் எல்லாம் வந்துவிடுகின்றன. மறுமுனை தன் சான்றிதழை 1500 பைட் பாக்கெட்டாக அனுப்பும்போது அது சுரங்கத்துக்குள் நுழைவதில்லை. சிறிதாக்கி அனுப்பு என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியையும் வழியில் யாரோ ஒரு ஃபயர்வால் தடுத்திருந்தால், மறுமுனைக்கு விஷயமே தெரியாது. அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஹோஸ்ட் சுரங்கத்தின் அளவைப் பார்த்தே பேசுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

உறுதிசெய்ய, துண்டாக்காதே என்ற குறிப்போடு பிங்கை 1392 பைட்டில் அனுப்பினேன், போனது. 28 பைட் தலைப்பைச் சேர்த்தால் அது சரியாக 1420. 1393 போகவில்லை. டாக்கரின் அமைப்புக் கோப்பில் எம்டியூவை 1420 என்று மாற்றி மறுதொடக்கம் செய்தேன். அப்போதும் உறைந்தே நின்றது. அந்தக் கோப்பில் எழுதுவது டாக்கர்0-க்கு மட்டும்தானாம். என் கன்டெய்னர் இருந்ததோ கம்போஸ் உருவாக்கிய நெட்வொர்க்கில். கம்போஸ் கோப்பில் அந்த நெட்வொர்க்குக்குத் தனியாக 1420 எழுதி, பழையதை நீக்கிப் புதிதாக உருவாக்கிய பிறகே சான்றிதழ் முழுதாக வந்து சேர்ந்தது.