கத்தரிப்பூவைக் குலுக்கத் தெரிஞ்ச தேனீ

வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. மூண்டாம் மாடி பல்கனியில கத்தரி நட்டவா, செடி நல்லா வந்திருக்கு, ஊதாப் பூவும் பூக்குது, ஆனா முக்கால்வாசி கொட்டிப்போகுதாம். தேனீ வராததாலதான் எண்டு எல்லாரும் சொல்லினமாம், அப்பார்ட்மென்ட் ஆக்கள் காசு சேத்து மொட்டைமாடியில ஒரு தேன்பெட்டி வைப்பம் எண்டு கதைக்கினமாம், வைச்சா சரிவருமோ?

வையுங்கோ அக்கா, தேன் எடுத்தா எனக்கும் ஒரு போத்தல். ஆனா கத்தரிக்கு அதால பெரிய பிரயோசனம் இல்ல, ஏனெண்டா பெட்டியில வளக்கிற தேனீக்கு இந்தப் பூவில இருந்து மகரந்தம் எடுக்கிற வித்தை தெரியாது.

மகரந்தம் குறியில, அதாவது பூவின்ர பெண்பகுதி நுனியில, விழுந்தாத்தான் காய் எண்டது ஓஎல் பாடம், அதை விடுவம். ஒரு கத்தரிப்பூவைக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ. நடுவில மஞ்சள் கூம்பா நிக்கிறது மகரந்தக்கூடுகள். மற்றப் பூக்கள் கனக்கவில இந்தக் கூடு நீளத்துக்கு வெடிச்சு மகரந்தம் வெளியில ஒட்டிக்கொண்டு நிக்கும், வாற போற பூச்சியெல்லாம் அள்ளலாம். கத்தரியில வெடிக்காது. ஒவ்வொரு கூட்டுக்கும் நுனியில சின்னச் சின்ன ஓட்டை மட்டும், மிளகுத்தூள் போத்தல் மூடி மாதிரி. உள்ளுக்க மகரந்தம் காஞ்ச தூளாக் கிடக்கு. தேன் இந்தப் பூவில ஒரு சொட்டும் இல்ல, வாற தேனீக்குக் கூலி அந்த மகரந்தம் மட்டும்தான், அதுவும் குலுக்கத் தெரிஞ்சவைக்கு மட்டும்.

குலுக்கிறது எப்பிடி எண்டதுதான் எனக்கு எத்தினை தரம் வாசிச்சாலும் அலுக்காத விசயம். தேனீன்ர பறக்கிற தசை செட்டையில நேரா ஒட்டியிருக்கிறதில்ல. நெஞ்சுப்பகுதிச் சுவருக்கு உள்ளால, ஒரு சோடி மேலுக்கும் கீழுக்கும், மற்றச் சோடி முன்னுக்கும் பின்னுக்கும். ஒண்டு இறுக நெஞ்சு அமுங்கும், மற்றது இறுக நிமிரும், அந்த அசைவிலதான் செட்டை அடிக்குது. இன்னொரு புதினம், ஒவ்வொரு இறுக்கத்துக்கும் மூளையில இருந்து தனித்தனிக் கட்டளை வாறதில்ல, ஒரு தசை இழுபட்ட உடன அது தன்பாட்டில திரும்ப இறுகும், அதாலதான் ஒரு செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தரம் அடிக்க முடியுது. இப்ப பூவுக்கு வந்த தேனீ என்ன செய்யுது எண்டா, மஞ்சள் கூம்பைத் தாடையால கடிச்சுப் பிடிச்சு உடம்பை வளைச்சு அதில ஒட்டி, செட்டையை முதுகில மடிச்சு வச்சிட்டு, எஞ்சினை மட்டும் ஓட விடுது! செட்டை அடிக்காததால அதிர்வெண் பறக்கேக்குள்ள இருக்கிறதை விடக் கூடும், சத்தமும் "ங்ங்" எண்டு கீச்சாக் கேக்கும். அந்த அதிர்வு கூட்டுக்குள்ள போக மகரந்தமணி சுவரில மோதி மோதி ஓட்டையால புகையாக் கொட்டும், கொட்டினது தேனீன்ர வயித்து மயிரில ஒட்டும். தேனீ உடம்பில நிலைமின்னேற்றம் இருக்கிறது ஒட்டுறதுக்கு இன்னும் வசதி.

ஏஎல் லாபில அடிச்ச இசைக்கவை ஞாபகம் இருக்குதோ, 256, 512 ஹேர்ட்ஸ் எண்டு பொறிச்சிருக்கும், செக்கனுக்கு அத்தினை தரம் அதிரும் எண்டு அர்த்தம். அதில ஒண்டை அடிச்சுக் கூம்பில மெதுவாத் தொட்டாலும் தூள் கொட்டும். இந்த வேலைக்காரத் தேனீக்களின்ர சத்தமும் அந்தக் கணக்கிலதான், அவுஸ்திரேலியாவில ஒரு வகை நீலவரித் தேனீயை அளந்து பாத்ததில கிட்டத்தட்ட 350 ஹேர்ட்ஸ், அது தலையாலயே கூம்பை இடிக்குதாம்.

அந்த நீலவரித் தேனீன்ர சொந்தக்காரர் கொழும்பிலயும் இருக்கினம். வயித்தில நீலக்கோடு மின்னும், ஒரு பூவில நிண்டு பிடியாது, தூதுவளை, துளசிப் பக்கம் பாருங்கோ. பின்னேரத்தில ஆண் தேனீக்கள் காஞ்ச தண்டொண்டைப் பல்லால கடிச்சுக்கொண்டு வரிசையாத் தொங்கி நித்திரை கொள்ளும். மற்றது எல்லாருக்கும் தெரிஞ்ச கருவண்டு, அதுவும் தேனீ இனம்தான். ரெண்டும் பெட்டியில இருக்காது. நீலவரி மண்ணில வளை தோண்டும், கருவண்டு பட்ட மரத்தில, மூங்கிலில துளை போடும்.

இஞ்சதான் எனக்குக் கோவம் வாறது. முத்தத்தில ஒரு சாண் மண் விடாம இன்டர்லொக் கல் பதிச்சாச்சு, வளவில நிண்ட பட்ட முருங்கையைத் தறிச்சாச்சு, கருவண்டு உள்ளுக்க வந்தா வீட்டுக்குக் கூடாது எண்டு பெரியம்மா விளக்குமாறோட நிக்கிறா. ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்ல, பெண்ணும் கையில பிடிச்சு நசிச்சாலொழியக் கொட்டாது, இதில என்ன அபசகுனம்? டெங்குப் புகை அடிக்கிறதை நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன், ஆனா கடையில வாங்கின பூச்சி மருந்தைப் பூத்து நிக்கிற செடிக்குக் காலம்பறயே அடிக்கிற பழக்கத்தை விடலாம்.

மே 20 உலகத் தேனீ தினம், 2018ல தொடங்கினது. பிள்ளையள் பள்ளிக்கூடத்தில கீறுற படம் எல்லாத்திலயும் தேன்கூடும் தேன்போத்தலும்தான். இலங்கையில ஏறத்தாழ 150 வகைத் தேனீ பதிவாகியிருக்கு, அதில நாங்கள் தேன் எடுக்கிறதை ஒரு கைவிரலில எண்ணலாம். ஆராய்ச்சிக்குக் காசு கேட்டாலும் "எவ்வளவு தேன் வரும்" எண்டுதான் முதல் கேள்வி, மிச்சத்தை யார் பாக்கிறது? பள்ளிக்கூடத் தோட்டத்தில ஒரு மூலையைச் சீமெந்து பூசாம விட்டு, ரெண்டு தூதுவளையும் ஒரு ஆவரசும் நட்டா, நாலாம் வகுப்புப் பிள்ளையே எது வருது எண்டு கொப்பியில எழுதும்.

அக்கான்ர கத்தரிக்கு வருவம். கூம்பில மண்ணிறமாக் கடி தழும்பு இருந்தா தேனீ வந்து போயிருக்கு, பழி அதில இல்ல. தம்பம், அதாவது குறியைத் தாங்கிற தண்டு, குட்டையா கூம்புக்கு உள்ளுக்கயே நிக்கிற பூக்கள் எப்பிடியும் கொட்டும், அதுக்குக் கவலைப்படாதேங்கோ. தம்பம் வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற பூவாப் பாத்து, காலம்பற ஈரம் காஞ்ச பிறகு, பழைய பற்றரி ரூத்பிரஷ்ஷைப் பூக்காம்பில ரெண்டு செக்கன் பிடியுங்கோ. ஐரோப்பாவில கண்ணாடி வீட்டுத் தக்காளிக்குக் குலுக்கத் தெரிஞ்ச வேற வகைத் தேனீ வளத்து விடத் தொடங்க முன்னம் கூலிக்கு ஆள் பிடிச்சு அதிர்வுக் கருவியால செய்த வேலைதான் இது. மழை நாளில வேண்டாம், தூள் கட்டிபட்டிடும்.