மான் எந்தப் பக்கம் பார்க்கிறது?

முதுமலைப் பக்கத்துச் சாலைகளில் அடிபடும் மான்களுக்குச் சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர் நான். வண்டி ஓட்டி வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "சும்மாதான் நின்னுச்சு டாக்டர், திடீர்னு குறுக்கே பாஞ்சிடுச்சு." பல நேரம் அது திடீர் இல்லை. ஓடப்போவதை மான் உடம்பால் சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறது.

தலையைத் தாழ்த்தி மேய்ந்தபடி, ஈ விரட்டக் காதையும் வாலையும் ஆட்டிக்கொண்டிருக்கும் புள்ளிமான் நிம்மதியாக இருக்கிறது. தலை நிமிர்ந்து, கழுத்து விறைத்து, இரண்டு காதும் ஒரே திசைக்குத் திரும்பினால் எதையோ கவனித்துவிட்டது. முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டினால் கலவரம் கூடிவிட்டது. வால் மேலே எழும்பி அடிப்பக்க வெள்ளை தெரிந்தால் பாய்ச்சலுக்குத் தயார். கூடவே கூர்மையாகக் கத்தும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அது கேட்காது.

வண்டியைப் பார்த்து நிற்கிற மானைவிட, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுக்குள் உற்றுப் பார்க்கிற மான்தான் எனக்கு அதிகக் கவலை தரும். உள்ளே செந்நாயோ சிறுத்தையோ இருக்கலாம். அந்த நிமிடம் நம் வண்டி அதன் கவனத்திலேயே இல்லை. பாய்ந்தால் திறந்து கிடப்பது சாலைப் பக்கம்தான்.

அதேபோல, சாலையைக் கடந்த மான் நின்று திரும்பிப் பார்த்தால் பின்னால் இன்னும் மான் வர இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியாகவும் இருக்கலாம். முதல் மான் போனதும் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் நான் பார்க்கிற மிகப் பெரிய தவறு. இடுப்பெலும்பு உடைந்து என்னிடம் வருபவற்றில் பல, கூட்டத்தின் பின்னால் ஓடி வந்தவை.

முதுமலையை ஒட்டி கர்நாடகப் பக்கம் இருக்கும் பந்திப்பூர் காடு வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மான்கள் அதிகம் நடமாடுவது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். அப்போது செக்போஸ்ட் கேட் திறந்தே இருக்கிறது; கூடலூர் போய்ச் சேரும் அவசரமும் அப்போதுதான். கோடை மழைக்குப் பிறகு சாலையோரத்தில் இளம்புல் துளிர்க்கும்போது மான்கள் தாரோடு ஒட்டியே மேயும்.

இருட்டில் இன்னொரு சிக்கல். குறைந்த வெளிச்சத்துக்கென்றே அமைந்த கண் அது. ஹை பீம் நேராக விழுந்தால் மானுக்குக் கண் கூசிவிடும். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அசையாமல் நின்றுவிடும். கடமான் என்றால் நமக்கும் ஆபத்து. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். கால் நீளமாக இருப்பதால், கார் இடித்ததும் உடம்பு முன்கண்ணாடி மேல் வந்து விழும்.

80 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கில் கால் வைக்க ஆகும் ஒரு நொடியிலேயே வண்டி 22 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையிலும் முழுதாக நிற்க ஏறக்குறைய 60 மீட்டர் வேண்டும். 40-இல் போனால் 20 மீட்டர் போதும். சரி, மான் கண்ணில் பட்டுவிட்டது, என்ன செய்வது? வேகத்தைக் குறையுங்கள், லைட்டை டிப் செய்யுங்கள், பின்னால் வருபவருக்குத் தெரிய நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். ஹாரனை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கூட்டம் சிதறி, பாதி சாலைக்கே திரும்பும். மோதல் தவிர்க்க முடியாது என்றால் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாமல் நேராகப் பிரேக் பிடியுங்கள். வெட்டித் திருப்பினால் மரத்திலோ எதிரே வரும் பஸ்ஸிலோ போய் மோத நேரும். பைக்கில் வருபவர்களே, முன்னால் கார் நின்றால் இடது பக்கமாக நுழைந்து போகாதீர்கள். அது எதற்காக நின்றது என்பது உங்களுக்குத் தெரியாது.

அடிபட்ட மானுக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மடியில் வைத்துத் தடவிக் கொடுப்பதும் வேண்டாம். நமக்கு அது ஆறுதல். மானுக்கோ புலி கையில் சிக்கியது போன்ற பயம். அந்தப் பயத்திலேயே தசைகள் சிதைந்து, காயம் சிறிதாக இருந்தும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ இறந்துபோகும் மான்கள் உண்டு. முடிந்தால் கண்ணை மட்டும் துணியால் மூடிவிட்டு, கூட்டத்தை விலக்கி, செக்போஸ்டில் சொல்லுங்கள். பக்கத்துப் புதரில் குட்டி இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறந்துவிட்டாலும் சொல்லாமல் போகாதீர்கள். சடலம் தார்ச்சாலையிலேயே கிடந்தால் அதைத் தின்ன நரி வரும், கழுதைப்புலி வரும், மாயாறு பள்ளத்தாக்கின் பாறுக் கழுகும் இறங்கும். அடுத்த வண்டி அவற்றையும் அடிக்கும். வனப் பணியாளர்கள் வந்து சடலத்தைக் காட்டுக்குள் தள்ளி வைத்தால் அங்கேயே தின்னும்.